வெறுப்பைச் சுமக்க மறுத்தவர்: ஜேம்ஸ் போல்ட்வினின் வாழ்வும் எழுத்தும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஓர் இரவு. அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திலுள்ள ட்ரென்டன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவர் தனது வெள்ளையின நண்பருடன் திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். நாஜிகளின் ஆக்கிரமிப்புக்குள் வாழ்ந்த மனிதர்களைப் பற்றிய படம் அது. பசி எடுக்கவே இருவரும் சிற்றுண்டிச்சாலை ஒன்றுக்குள் நுழைகிறார்கள். கறுப்பினத்தவருக்கு இங்கே உணவு பரிமாறுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தெருவில் இறங்கி நடக்கும்போது எதிரே வருகின்ற முகங்கள் எல்லாமே வெள்ளை முகங்களாகத் தெரிகின்றன. அந்த இளைஞருக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. நண்பர் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய், தன்னை ஒருபோதும் அனுமதிக்கமாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஆடம்பர உணவகம் ஒன்றுக்குள் நுழைந்து மேசையொன்றில் அமர்கிறார்.

பணிப்பெண் பயந்த விழிகளோடு வந்து அதே பதிலைச் சொல்கிறார். காதில் விழாததுபோல இளைஞர் பாவனை செய்கிறார். அவரை இன்னும் கிட்ட வரவைக்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்துக்கு வரவைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். பணிப்பெண் நெருங்கி வரவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து முழுப் பலத்துடன் அவர்மீது வீசுகிறார். பணிப்பெண் குனிந்து தப்பிக்கொள்ள, பின்னால் இருந்த பெரிய கண்ணாடி நொறுங்கி விழுகிறது. அந்தச் சத்தத்தில்தான் இளைஞருக்கு நினைவு திரும்புகிறது. ஓடுகிறார். வாசலில் ஒருவர் பிடித்து அடிக்க, உதறிக்கொண்டு தெருவில் பாய்கிறார். வெளியே நின்ற நண்பர், துரத்தி வந்தவர்களையும் பொலிஸாரையும் வேறு திசைக்கு அனுப்பி அவரைக் காப்பாற்றுகிறார்.

அன்றிரவு அந்த இளைஞர் இரண்டு உண்மைகளோடு தனித்திருந்தார். தான் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது முதலாவது. தான் ஒரு கொலையைச் செய்யத் தயாராக இருந்தேன் என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. பிறர் தனக்குச் செய்யக்கூடியவற்றைவிடத் தன் நெஞ்சுக்குள் கிடக்கும் வெறுப்பே தன்னை அழிக்கப்போகிறது என்று அவருக்குப் புரிந்தது.

அவர் பெயர் ஜேம்ஸ் போல்ட்வின். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிக முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவர். நாவல்கள், நாடகங்கள், கட்டுரைகள் என்று அவர் நான்கு தசாப்தங்கள் எழுதியவற்றின் பின்னால் அந்த இரவின் கேள்வி இருந்துகொண்டே இருந்தது. அநீதியை ஒரு கணமும் ஏற்றுக்கொள்ளாமல், அதேவேளை வெறுப்பால் அழுகிப்போகாமல் ஒரு மனிதன் வாழ்வது எப்படி?

தந்தையின் வீடு

போல்ட்வின் 1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் பேர்டிஸ், டேவிட் போல்ட்வின் என்ற போதகரைத் திருமணம் செய்தார். போத்தல் நிரப்பும் தொழிற்சாலையில் கூலிவேலை செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்த மனிதர் அவர். அவருடைய தாயார் அடிமையாகப் பிறந்தவர். அந்த மூதாட்டியும் அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். அடிமைமுறை என்பது போல்ட்வினுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் விடயமாக இருக்கவில்லை. வீட்டில் கட்டிலில் படுத்திருந்த ஒரு கிழவியாக இருந்தது.

ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் போல்ட்வின். ஒரு கையில் கைக்குழந்தையையும் மறு கையில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டுதான் அவர் வாசிக்கப் பழகினார். ஹார்லெம் நூலகத்தின் புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து முடித்தார். ஒரிலா மில்லர் என்ற வெள்ளையின ஆசிரியை அவரிடம் இருந்த திறமையைக் கண்டு நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் கூட்டிச் சென்றார். வெள்ளையர் எவரையும் நம்பாத தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால், அந்த ஆசிரியையின் அன்பைப் பார்த்த பிறகு வெள்ளையர் எல்லோரையும் ஒரேயடியாக வெறுப்பது தனக்கு இயலாமல் போனதாக போல்ட்வின் பின்னாளில் எழுதினார்.

வெறுப்பதற்கு வேறு காரணங்கள் நிறையவே இருந்தன. பத்து வயதில் இரண்டு பொலிஸார் அவரைப் பிடித்துச் சோதனை என்ற பெயரில் கேலி செய்து, வெறும் வளவொன்றில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனார்கள். பதின்மூன்று வயதில் நகரின் பெரிய நூலகத்துக்குப் போகத் தெருவைக் கடந்தபோது, உங்கள் ஆட்கள் உங்கள் இடத்திலேயே இருந்தால் என்ன என்ற அர்த்தத்தில் ஒரு பொலிஸ்காரர் முணுமுணுத்தார். வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. பெரிய கண்களைக் கொண்ட அந்தப் பிள்ளையைத் தகப்பன் அவலட்சணம் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்தார்.

பதினான்கு வயதில் போல்ட்வின் பெந்தெகொஸ்தே சபையொன்றில் சிறுவர் போதகரானார். தெருவின் போதைப்பொருளில் இருந்தும் குற்றங்களில் இருந்தும் தப்ப அவருக்குத் தெரிந்த ஒரே ஒளிவிடம் தேவாலயம்தான். அவருடைய பிரசங்கத்துக்குத் தகப்பனுடையதைவிட அதிகம் கூட்டம் வந்தது. மூன்று வருடங்களில் அதைக் கைவிட்டார். தான் நம்பாததைச் சனங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. ஆனால் வேதாகமத்தின் தாளமும், கூட்டத்தை உலுக்கும் பிரசங்கியின் குரலும் அவருடைய வசனங்களை விட்டு ஒருபோதும் போகவில்லை.

1943ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி தகப்பன் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருடைய மனம் பேதலித்திருந்தது. தன் வீட்டாரே தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று நம்பி உணவைத் தள்ளிவைத்தார். அவர் இறந்த அதே நாளில் அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்தது. இறுதிச்சடங்கு நடந்த நாள் போல்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாள். அதேவேளை, கறுப்பினச் சிப்பாய் ஒருவரை வெள்ளையினப் பொலிஸ்காரர் சுட்ட செய்தியால் ஹார்லெமில் கலவரம் வெடித்திருந்தது. மறுநாள் காலை, உடைந்த கடைக் கண்ணாடிகள் பரவிக் கிடந்த தெருக்களின் ஊடாகத் தகப்பனின் பிரேதம் மயானத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.

தகப்பன் வெறுத்தவற்றில் பெரும்பாலானவை வெறுக்கத்தக்கவையே என்பதை போல்ட்வின் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு வெள்ளையரில் எவரையும் தொடவில்லை. அது தகப்பனையும், அவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளையும்தான் தின்றது. இதுதான் தகப்பன் விட்டுச்சென்ற முதுசம். அதை ஏற்றுக்கொள்வதா விடுவதா என்பது மகனின் தெரிவாக இருந்தது.

பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்

கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வாழ்ந்த பொபர்ட் டிலேனி என்ற கறுப்பின ஓவியர், அந்த வயதில் போல்ட்வினுக்கு இன்னொரு தந்தையாக அமைந்தார். ஒருமுறை தெருவோரத்தில் தேங்கி நின்ற அழுக்குத் தண்ணீரைக் காட்டிப் பார்க்கச் சொன்னார். போல்ட்வினுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. மீண்டும் பார் என்றார் டிலேனி. அப்போதுதான் தண்ணீரின்மேல் மிதந்த எண்ணெய்ப் படலமும், அதில் நெளிந்துகொண்டிருந்த கட்டடங்களின் நிழலும் கண்ணில் பட்டன. அருவருப்பானது என்று நாம் கடந்துபோகும் ஒன்றை நின்று பார்ப்பதுதான் கலைஞனின் வேலை என்று தான் கற்றுக்கொண்ட இடம் அது என்று போல்ட்வின் சொல்வார்.

அந்தக் காலத்தில் நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் அவருக்கு எழுத்தாளர் உதவித்தொகை ஒன்று கிடைக்க வழிசெய்தார். ஆனால் நாவல் வளரவில்லை. ஹொட்டல்களில் வேலை, வாடகைக்குத் தட்டுப்பாடு, தெருவுக்குத் தெரு அவமானம் என்று நாட்கள் கழிந்தன. 1946ஆம் ஆண்டு அவருடைய நெருங்கிய நண்பரான யூஜின் வேர்த், ஜோர்ஜ் வொஷிங்டன் பாலத்தில் இருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வரிசையில் அடுத்தது தானாக இருக்கலாம் என்று போல்ட்வின் பயந்தார். ஒன்று தான் சாகவேண்டும், அல்லது யாரையாவது கொல்லவேண்டும் என்ற நிலைக்கு நாடு தன்னைத் தள்ளுவதாக உணர்ந்தார்.

1948ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, சட்டைப்பையில் 40 டொலர்களோடு பாரிஸுக்கு விமானம் ஏறினார். அவருக்கு அப்போது 24 வயது.

பாரிஸும் பனிமலைக் கிராமமும்

பாரிஸ் சொர்க்கமாக இருக்கவில்லை. 1949ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நண்பர் ஒருவர் வேறொரு ஹொட்டலில் இருந்து எடுத்துவந்த படுக்கை விரிப்பு போல்ட்வினின் அறையில் இருந்ததற்காகப் பொலிஸார் அவரைக் கைதுசெய்தார்கள். நத்தார் நாளையும் சேர்த்து எட்டு நாட்கள் சிறையில் கழிந்தன. இறுதியில் நீதிமன்றத்தில் வழக்கின் விபரத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குப் பழக்கமான சிரிப்பாக இருந்தது. பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு மற்றவனின் துன்பத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டார்.

அந்த வருடத்தில்தான் லூசியன் ஹேப்பர்ஸ்பேகர் என்ற சுவிற்சர்லாந்து இளைஞரைச் சந்தித்தார். போல்ட்வின் தன் வாழ்வில் அதிகம் நேசித்த மனிதர் அவர்தான். 1951ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பணமும் உடல்நலமும் இல்லாமல் தவித்த போல்ட்வினை லூசியன் சுவிஸ் மலைக் கிராமமான லொய்கர்பாட்டில் இருந்த தன் குடும்ப வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கறுப்பின மனிதர் ஒருவரைக் கிராமத்தவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். சிலர் அவருடைய தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

தட்டச்சு இயந்திரத்தோடு பெஸ்ஸி ஸ்மித்தின் புளூஸ் இசைத்தட்டுக்களையும் போல்ட்வின் கொண்டுபோயிருந்தார். அமெரிக்காவில் இருந்தவரை, கறுப்பினத்தவரைப் பற்றிய இழிவான கேலிச்சித்திரங்களுக்குப் பயந்து, தான் வளர்ந்த வீட்டின் பேச்சையும் இசையையும் அவர் ஒதுக்கிவைத்திருந்தார். எல்லாம் வெண்மையாக இருந்த அந்தப் பனிமலையில், பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் அந்தப் பேச்சைத் திருப்பிக்கொடுத்தது. பல வருடங்களாக முடியாமல் கிடந்த நாவல் அங்கே முடிந்தது. ‘கோ டெல் இட் ஒன் த மவுண்டன்’ என்ற அந்த முதல் நாவல் 1953ஆம் ஆண்டு வெளியானது.

ஹார்லெம் சபையொன்றில் ஒரு சிறுவனின் பதினான்காவது பிறந்தநாளைச் சுற்றி எழுதப்பட்ட கதை அது. அதில் வரும் கொடூரமான தகப்பன் அவருடைய தகப்பன்தான். ஆனால் நாவல் அவரைத் தண்டிக்கவில்லை. அவர் எங்கிருந்து வந்தார், எதை இழந்தார், எப்படி அப்படி ஆனார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறது. தேங்கிய தண்ணீரை இரண்டாவது தடவை பார்ப்பதைப்போல, போல்ட்வின் தகப்பனை இரண்டாவது தடவை பார்த்தார்.

காதலும் அதற்கான தண்டனையும்

லூசியன் வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த முறிவு போல்ட்வினை நீண்டகாலம் வாட்டியது. இரண்டாவது நாவலான ‘ஜியோவானிஸ் ரூம்’ லூசியனுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது. பாரிஸில் வாழும் வெள்ளையின அமெரிக்க இளைஞன் ஒருவன் இத்தாலிய இளைஞன் ஒருவனைக் காதலித்து, அந்தக் காதலை ஏற்கத் துணிவில்லாமல் அவனைக் கைவிடும் கதை அது. கறுப்பினப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

முதல் நாவலை வெளியிட்ட நொஃப் பதிப்பகம் இதை ஏற்க மறுத்தது. கறுப்பின எழுத்தாளர் என்றால் கறுப்பினத்தவர் பற்றித்தான் எழுதவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்குமேல், தன்பாலீர்ப்பைப் பற்றி 1950களில் வெளிப்படையாக எழுதுவது ஒரு எழுத்தாளர் தன் எதிர்காலத்தைத் தானே அழிப்பதற்குச் சமம். எழுத்துப்பிரதியை எரித்துவிடும்படி தனக்கு ஆலோசனை சொல்லப்பட்டதாக போல்ட்வின் பின்னர் கூறினார். அவர் எரிக்கவில்லை. 1956ஆம் ஆண்டு டயல் பதிப்பகம் அதை வெளியிட்டது.

போல்ட்வினின் சிந்தனையில் காதலும் இனப்பிரச்சினையும் வேறுவேறு அலுமாரிகளில் இருக்கவில்லை. ‘ஜியோவானிஸ் ரூம்’ கதையின் நாயகன் தன்னைச் சுத்தமானவன் என்று நம்ப விரும்புகிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை நேசித்தவனை அழிவுக்கு விடுகிறான். வெள்ளை அமெரிக்கா செய்வதும் இதைத்தான் என்று போல்ட்வின் கருதினார். தான் குற்றமற்றவன் என்ற கதையை விடாமல் பிடித்திருப்பவன் தன் வரலாற்றையும் பார்க்கமாட்டான், எதிரே நிற்கும் மனிதனையும் பார்க்கமாட்டான். அவருக்குக் காதல் என்பது இனிப்பான உணர்ச்சி இல்லை. இன்னொருவரின் கண்ணால் தன்னைப் பார்க்கச் சம்மதிப்பது அது. அதனால்தான் மனிதர்கள் அதற்குப் பயப்படுகிறார்கள்.

1962ஆம் ஆண்டு வெளியான ‘அனதர் கன்ட்றி’ நாவலில் இந்த எண்ணம் இன்னும் விரிந்தது. பாலத்தில் இருந்து குதித்த நண்பர் அங்கே ரூஃபஸ் என்ற இசைக்கலைஞராக மீண்டும் வந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும், ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் நேசிக்க முயன்று தோற்கும் கதை அது. அந்த நாவலின் கடைசிப் பக்கங்களை அவர் இஸ்தான்புல்லில் எழுதி முடித்தார். அந்த நகரம் அடுத்த பத்து வருடங்களுக்கு அவர் அடிக்கடி தஞ்சம் புகும் இடமாயிற்று.

திரும்பி வருதல்

1957ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் அதுவரை வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பாடசாலைகளுக்குள் காலடி வைத்துக்கொண்டிருந்த காலம். பாரிஸின் தேநீர்க்கடைகளில் இருந்துகொண்டு அதைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வட கரோலினாவில், வெள்ளையினப் பாடசாலையொன்றில் தனியே படித்துவந்த கறுப்பினச் சிறுவனை அவர் சந்தித்தார். முதல்நாள் மற்ற மாணவர்கள் மதில்போல நின்று அவனை மறித்தபோது, அதிபர்தான் வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிச் சென்றிருந்தார். போல்ட்வின் அந்த அதிபரையும் போய்ப் பார்த்தார். இனங்கள் கலப்பதை விரும்பாத, ஆனால் அந்தச் சிறுவனுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாத மனிதர். பேச்சின் நடுவே அவர் முகத்தில் தெரிந்த வேதனையை போல்ட்வின் எழுதத் தவறவில்லை. சிறுவனின் தனிமையை எழுதிய அதே கவனத்தோடுதான் அதையும் எழுதினார். தவறான பக்கத்தில் நிற்கும் மனிதருக்கும் ஒரு முகம் உண்டு என்று காட்டியதற்காக அவர் அநீதியின் அளவைக் குறைத்துச் சொல்லவில்லை.

1963ஆம் ஆண்டு வெளியான ‘த ஃபயர் நெக்ஸ்ட் டைம்’ அவரை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்தது. அதில் இரண்டு கட்டுரைகள். முதலாவது, அடிமைகள் விடுதலை பெற்ற பிரகடனத்தின் நூறாவது ஆண்டில் தன் பெயரைக் கொண்ட மருமகனுக்கு எழுதிய கடிதம். இந்த நாடு உன்னைத் தாழ்ந்தவன் என்று சொல்வதை நம்பாதே என்கிறது அது. பிறகு கடினமான ஒரு வேண்டுகோளை வைக்கிறது. தாங்கள் விளங்கிக்கொள்ளாத வரலாறு ஒன்றுக்குள் சிக்கியிருப்பவர்கள் வெள்ளையர்கள். அவர்களை அன்போடு ஏற்றுக்கொண்டு, உண்மையைப் பார்க்கும்படி வற்புறுத்தவேண்டியது நீதான் என்கிறது. இரண்டாவது கட்டுரையில், நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தின் தலைவர் எலைஜா முகம்மதுவின் வீட்டில் இராவுணவு உண்டதை எழுதினார். அவர்களுடைய கோபத்தின் நியாயத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் வெள்ளையர் எல்லோருமே பிசாசுகள் என்ற போதனையை அவரால் ஏற்க முடியவில்லை. தான் நேசித்த சில வெள்ளை முகங்கள் அந்த மேசையில் அவர் நினைவுக்கு வந்தன.

அதே வருடம் மே மாதம் ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் அவர் முகம் வெளிவந்தது. சட்டமா அதிபர் ரொபர்ட் கென்னடி அவரையும், நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, பாடகர் ஹரி பெலஃபொன்டே உள்ளிட்ட சிலரையும் நியூயோர்க்கில் சந்தித்தார். தெற்கில் அடிவாங்கித் தழும்புகளோடு வந்திருந்த ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞர், இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தமாட்டேன் என்ற கருத்தைச் சொன்னதும் கென்னடி அதிர்ந்துபோனார். சந்திப்பு கசப்பில் முடிந்தது. எப்.பி.ஐ. போல்ட்வினைப் பின்தொடர்ந்து சேர்த்த கோப்பு 1,884 பக்கங்களுக்கு வளர்ந்தது. எந்த ஆயுதமும் ஏந்தாத, எந்தக் கட்சியையும் நடத்தாத ஒரு நாவலாசிரியருக்கு அரசு ஒதுக்கிய பக்கங்கள் அவை.

இருபக்கமும் விழுந்த கல்

1965ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில், அமெரிக்கக் கனவு கறுப்பினத்தவரின் செலவில் கட்டப்பட்டது என்ற பொருளில் போல்ட்வின் விவாதித்தார். எதிர்த்தரப்பில் பழைமைவாதச் சிந்தனையாளர் வில்லியம் பக்லி. 164 வாக்குகளுக்கு எதிராக 544 வாக்குகள் என்ற கணக்கில் போல்ட்வினின் தரப்பு வென்றது. அந்த வெற்றியைக் கொண்டாட நேரம் இருக்கவில்லை. மூன்று நாட்களில் மல்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மெட்கர் எவர்ஸ் 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டிருந்தார். மார்ட்டின் லூதர் கிங் 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொல்லப்பட்டார். மூவரும் போல்ட்வினுக்குத் தெரிந்தவர்கள். ஒருவர்கூட நாற்பது வயதைத் தாண்டவில்லை. கிங்கின் மரணத்துக்குப் பிறகு தன்னுள் ஏதோ ஒன்று மாறிவிட்டதை போல்ட்வின் மறைக்கவில்லை. மனிதர்கள் தாங்கள் நினைப்பதைவிட நல்லவர்கள் என்ற அவருடைய பழைய நம்பிக்கை தளர்ந்தது. 1972ஆம் ஆண்டின் ‘நோ நேம் இன் த ஸ்ட்றீட்’ நூலில் அந்தக் கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இதற்கிடையில் சொந்தத் தரப்பில் இருந்தும் அடி விழுந்தது. பிளாக் பாந்தர் இயக்கத்தின் எல்ட்ரிட்ஜ் கிளீவர், 1968ஆம் ஆண்டு வெளியான தனது நூலில் போல்ட்வினின் தன்பாலீர்ப்பை முன்வைத்து அவரைக் கறுப்பினத்தவரையே வெறுப்பவர் என்று தாக்கினார். வெள்ளை விமர்சகர்களுக்கு அவர் கோபக்காரராகிவிட்டார். புதிய கறுப்பின இளைஞர்களில் பலருக்கு அவர் போதிய கோபம் இல்லாதவராகத் தெரிந்தார். கிளீவருக்குப் பதில் எழுதும்போது, தன்னைத் தாக்கிய இளைஞரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிக்கொள்ள முயன்றார். வசைக்கு வசை திருப்பவில்லை.

போல்ட்வின் செய்ததில் குறையே இல்லை என்பதில்லை. இளவயதில் தனக்கு உதவிய ரிச்சர்ட் ரைட்டின் நாவலை 1949ஆம் ஆண்டிலேயே கடுமையாக விமர்சித்து அவருடைய நட்பை இழந்தார். 1960ஆம் ஆண்டு ரைட் பாரிஸில் இறக்கும்வரை அந்தப் பிளவு ஆறவில்லை. ரைட் தன்னை மகன்போல நினைத்திருக்கலாம், தான் அவரைப் படியாகப் பயன்படுத்திவிட்டேன் என்ற குற்றவுணர்வை அவர் பிற்பாடு எழுத்தில் ஒத்துக்கொண்டார். அடுத்தவரிடம் கேட்ட நேர்மையைத் தன்னிடமும் கேட்டார்.

வரவேற்கும் மேசை

1970களின் தொடக்கத்தில் பிரான்ஸின் தெற்கே, செயின்ட் போல் டு வான்ஸ் என்ற ஊரில் குடியேறினார். வீட்டின் வெளியே மரநிழலில் இருந்த மேசையில் எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள், நடிகர்கள், அயலவர்கள் என்று எவரும் வந்து உட்காரலாம். 1974ஆம் ஆண்டு ‘இஃப் பீல் ஸ்ட்றீட் குட் டோக்’ நாவலை வெளியிட்டார். செய்யாத குற்றத்துக்காகச் சிறைபிடிக்கப்பட்ட இளைஞனையும், அவனுடைய பிள்ளையை வயிற்றில் சுமக்கும் காதலியையும் பற்றிய கதை அது. படுக்கை விரிப்புக்காகச் சிறைக்குள் இருந்த எட்டு நாட்களை அவர் மறக்கவில்லை.

1987ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி, வயிற்றுப் புற்றுநோயால் அந்த வீட்டிலேயே இறந்தார். வயது 63. பக்கத்தில் தம்பி டேவிட் இருந்தார். லூசியனும் இருந்தார். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு தொடங்கி, பலமுறை முறிந்து, வேறு உருவங்கள் எடுத்த ஒரு காதல் கடைசி நாளில் கட்டில் அருகே வந்து உட்கார்ந்திருந்தது. நியூயோர்க்கின் பெரிய பேராலயத்தில் நடந்த இறுதிச்சடங்கில் டொனி மொரிசன், மாயா ஏஞ்சலோ, அமிரி பராக்கா ஆகியோர் பேசினார்கள். பராக்கா ஒரு காலத்தில் அவரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் ஒருவர்.

எவர்ஸ், மல்கம் எக்ஸ், கிங் ஆகிய மூவரையும் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நூல் சுமார் முப்பது பக்கங்களோடு நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கங்களை வைத்து ராவுல் பெக் இயக்கிய ‘ஐ ஆம் நொட் யுவர் நீக்ரோ’ ஆவணப்படம் 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அமெரிக்கத் தெருக்களில் பொலிஸாரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களின் பெயர்களைச் சொல்லி இளைஞர்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் போல்ட்வினை வாசித்திருந்தார்கள். கறுப்பராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் ஒரே குரலில் பேசியதற்காக ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட அந்த மனிதர், அதே காரணத்துக்காக அவர்களுக்கு நெருக்கமானவராக இருந்தார்.

ட்ரென்டன் உணவகத்தில் அந்தப் பணிப்பெண் குனியாமல் இருந்திருந்தால், ஜேம்ஸ் போல்ட்வின் என்ற பெயர் நியூஜேர்சியின் பழைய பத்திரிகை ஒன்றின் மூலையில் ஒரு குற்றச்செய்தியாக முடிந்திருக்கும். அந்தப் பெண்ணின் பயந்த முகத்தை அவர் மறக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சம்பவத்தை எழுதியபோது, தன்னை அவமதித்தவர்களின் பட்டியலாக அதை எழுதவில்லை. தன் கையில் இருந்த குவளையைப் பற்றி எழுதினார்.